ஒத்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொன்னேன்

மத்தியானம் பன்னிரண்டு பத்து. மே மாதத்துச் சனிக்கிழமை. அரிசியை உலையில் போட்டுவிட்டு, எப்போது வடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் புறவாசலுக்குப் போனேன், அதனால் மணியில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேய், வாதை, செய்வினை எதையும் நம்பாதவள் நான். இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சர். பிள்ளையை நினைத்து நினைத்து இந்த அம்மாளுக்கு மனசு கலங்கிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். வேறொருத்தி இதை எழுதியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் மகன் சங்கரன் உயிரோடு இருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்.ஐ. வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், ராத்திரி தூங்குகிறான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. எங்கே சாப்பிடுகிறான் என்று நான் கேட்பதுமில்லை.

நாங்கள் இருப்பது ஆழ்வார்குறிச்சியில். அவன் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தச் சனிக்கிழமைக்கு நாலு மாதம் முன்னால், இரண்டு கொலைக்குத் தேடிக்கொண்டிருந்த கொம்பையா என்பவன் முக்கூடல் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் ஒளிந்திருப்பதாகத் தகவல் வந்து, சங்கரனும் ஏட்டு முருகையாவும் பிடிக்கப் போனார்கள். கொம்பையா அரிவாளால் முருகையாவின் தோளை வெட்டினான். அடுத்த வெட்டு கழுத்துக்கு வந்தபோது சங்கரன் குறுக்கே போய் முழங்கையில் வாங்கிக்கொண்டான், மறு கையால் சுட்டான். ஒரே குண்டு. மத்தியானம் பன்னிரண்டு பத்து என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது.

விசாரணை நடந்தது, சுட்டது சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். முருகையா கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, "எஸ்.ஐ. சார் சுடலேன்னா இந்நேரம் என் படத்துக்கு மால போட்டிருப்பாவ டீச்சர். தோளு ஒரு பக்கம் கொறஞ்சுட்டு, டெய்லருக்குத் துணி மிச்சம்" என்று சிரித்தார். சங்கரன் சிரிக்கவில்லை. மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். நல்லாத் தூங்குதேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்து, விடிய விடியக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சங்கரன் கைக்குத் தையல் போட்ட அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொம்பையாவின் உடலையும் கொண்டுவந்திருந்தார்கள். நான் அடித்துப் பிடித்து ஓடியபோது கேட்டுக்கு வெளியே கொம்பையாவின் அம்மா நின்றாள். சுட்டவனைப் பெற்றவள் நான்தான் என்று யாரோ அடையாளம் காட்டியிருக்கிறார்கள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி என் மேல் தூற்றினாள்.

"என் பிள்ள சாவும்போது என்னையக் கூப்பிட்டிருப்பான், எனக்குக் கேக்கல. உன் பிள்ள உசுரோட இருந்தும் உன்னைய அம்மான்னு கூப்பிடாம போவணும். அவன் திங்கிற சோத்துல மண்ணு விழணும்."

நானும் சும்மா இருக்கவில்லை. "உன் மவன் வெட்டுன வெட்டுல அங்கன ஒரு மனுசன் தோளு தொங்கிக்கிட்டுக் கெடக்கு, போய்ப் பாரு" என்று கத்தினேன். செத்தவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், இன்னும் ஒரு குண்டு போட்டிருக்கலாம் என்றுகூட அன்று நினைத்தேன்.

நம்புகிறீர்களோ இல்லையோ, அன்றைக்குப் பிறகு சங்கரன் என்னை அம்மா என்று கூப்பிடவே இல்லை. "இந்தா", "கேக்கியா" என்று ஆரம்பிப்பான், இல்லாவிட்டால் பக்கத்தில் வந்து பேசாமல் நிற்பான். ஒரு நாள் கேட்டேவிட்டேன். தலை குனிந்தபடி சொன்னான்: "அவன் விழும்போது 'எம்மா'ன்னான். அதுலேருந்து அந்தச் சொல்லு எனக்கு வாய்ல வரமாட்டேங்கு."

சோறும் அப்படித்தான். இரண்டு வாய் வைப்பான், முகத்தைச் சுளித்துத் துப்புவான். "மண்ணு நரநரங்கு." நான் அரிசிக்கடையை மாற்றினேன், மூன்று தண்ணீர் களைந்த இடத்தில் ஏழு தண்ணீர் களைந்தேன். அவன் தட்டிலேயே நான் பிசைந்து தின்று பார்த்தால் ஒரு துகள் கிடையாது. ஆள் பாதியாகிவிட்டான். லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமை டூட்டியில் சேர வேண்டும், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பார்கள். சாப்பிடாத, தூங்காத பிள்ளை கையில் துப்பாக்கி. அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை, அவனுடைய காக்கிச் சட்டையைத் துவைகல்லில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தேன். புறவாசலில் வாழைக் கொத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"எம்மா."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிவேளையில் ஆள் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் முதல் தடவையிலேயே பதில் சொல்லக் கூடாது. மூன்று தடவை கூப்பிட்டால் மனுஷன், மற்றதற்கு மூன்றாவது தடவை கூப்பிட வராது என்பார்கள். வகுப்பில் பிள்ளைகள் இதைச் சொன்னால் நான் கேலி செய்வேன். அன்று அந்த வழக்கமும் நினைவில் இல்லை, கேலியும் நினைவில் இல்லை. நாலு மாதம் கழித்து என் பிள்ளை என்னைக் கூப்பிட்டுவிட்டான் என்பது மட்டும்தான்.

"என்னய்யா! இந்தா வாரேன்" என்று சோப்புக் கையோடு ஓடினேன்.

வாழைக்குப் பின்னால் யாருமில்லை. சங்கரன் முன்னறையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். அப்போதுதான் உறைத்தது, அந்தக் குரல் அவனுடையது இல்லை. கொஞ்சம் கரகரத்த குரல், அவனைவிட மூத்த குரல்.

அரை மணி கழித்துச் சோறு போட்டேன். சங்கரன் ஒரு வாய் வைத்தான், மென்றான், என்னை நிமிர்ந்து பார்த்தான். இன்னொரு வாய். தட்டு காலியானது. "எம்மா, இன்னும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்து" என்றான். அழுதுவிடாமல் ஊற்றிவிட்டு, அதே பானையிலிருந்து எனக்குப் போட்டுக்கொண்டு முதல் கவளத்தை மென்றேன். என் பல்லுக்குள் மண் நரநரவென்றது.

அவன் டூட்டியில் சேர்ந்தான். மத்தியானம் பைக்கில் வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனான். எனக்கோ தினமும் பன்னிரண்டு பத்துக்கு வாழைப்பக்கமிருந்து ஒரே ஒரு "எம்மா". அந்த முதல் நாளுக்குப் பிறகு நான் பதிலே சொல்லவில்லை, ஆனாலும் என் வாய்க்குப் போகிற சோறெல்லாம் மண்.

முருகையாவிடம் மட்டும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒத்தக் கூப்பாட்டுக்கு என்னத்துக்குப் பதில் சொன்னிய? கணக்கு டீச்சர்லா நீங்க, மூணு வர எண்ணத் தெரியாதா?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானும் ஒருத்தனச் சுட்டவன்தான். பதினாறு வருசமாச்சு. சுட்டது சரின்னு எனக்கும் பேப்பரு குடுத்தாவ. பேப்பர அதிகாரிக்குக் காட்டலாம். ராத்திரி கட்டிலு பக்கத்துல வந்து உக்காருதவன்ட்ட காட்ட முடியுமா? எம் பொண்டாட்டிக்கே இது தெரியாது டீச்சர். இனிமே யாரு கூப்பிட்டாலும், நீங்க பெத்த மவனே கூப்பிட்டாலும், மூணுக்கு முன்ன வாயத் திறக்காதிய."

பத்தாவது நாள். பன்னிரண்டு பத்து. குரல் வரவில்லை. புறவாசல் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் கொம்பையாவின் அம்மா. காலில் செருப்பில்லை, வெயிலில் நடந்து வந்த முகம்.

"என்னையத் தெரியுதா டீச்சர்? என் பிள்ள செத்ததுலேருந்து தெனமும் உச்சிக்கு என் வாசல்ல வந்து 'எம்மா'ம்பான். எந்திச்சுப் போய்ச் சோறு வைப்பேன். பத்து நாளா வரல. இங்கனதான வாரான்?"

என் முகமே பதில் சொல்லியிருக்கும்.

"அவன் உசுர எடுத்திய. எடுத்தது சரின்னு எழுதியும் வாங்கிக்கிட்டிய. ஒரு கொரலு மிச்சமிருந்துச்சு எனக்கு. அதுக்கும் நீ என்னய்யான்னு சொல்லிட்டா நான் என்னத்த வச்சுக்கிட? திருப்பி அனுப்பு."

எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அந்த மண் திரும்பவும் என் பிள்ளை வாய்க்குப் போகும். அதோடு, அவள் ஆஸ்பத்திரி வாசலில் தூற்றியது என் தலையில் இன்னும் இருப்பது போலவே இருந்தது.

"அனுப்ப மாட்டேன். நீதான மண்ண வாரித் தூத்தின? இப்ப நான் திங்கேன். போ."

அப்போது வீட்டு முன்னால் பைக் வந்து நின்றது. சங்கரன் சாப்பிட வந்துவிட்டான்.

"எம்மா!"

என் பிள்ளையின் குரல்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் உச்சிவேளை. பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் ஒன்று என்று எண்ணினேன். அவள் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது, அது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"எம்மா…"

இரண்டு.

"என்னய்யா, வாரேன்" என்றாள் அவள். சத்தமாக, வீடு முழுக்கக் கேட்கும்படி.

மூன்றாவது கூப்பாடு வரவில்லை. நான் உள்ளே ஓடினேன். முன்கதவு திறந்திருந்தது, பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்துகொண்டிருந்தது. திரும்பப் புறவாசலுக்கு வந்தேன். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுச் சோத்துல மண்ணு ஒண்ணும் இருக்காது டீச்சர்," என்றாள். "கல்லுப் பொறுக்கித்தான் சோறு வடிப்பேன். மத்தியானத்துக்கு மட்டும் இனிமே அவனத் தேடாத."