ரிசர்வில் வேலை

எங்கள் தெருமுனைப் பூங்காவின் பழைய பெயர்ப்பலகையை இன்று காலை கவுன்சில் ஆட்கள் கழற்றினார்கள். அதில் ‘ரிசர்வ்’ என்றிருந்தது. புதியதில் ‘பார்க்’. சிட்னியில் இரண்டும் ஒன்றுதான்: புல், ஊஞ்சல், நாயோடு நடப்பவர்கள். அம்மாவும் அப்படித்தான் விளங்கிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

பல வருடங்களுக்கு முன், நான் நேர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இராணுவத்தின் பகுதிநேரப் படையில், அதாவது ரிசர்வில், சேர்ந்தால் படிப்புச் செலவுக்கு உதவி கிடைக்கும் என்று கூடப் படித்தவன் சொன்னான். சேர்ந்தேன். துணிச்சலோடு கையெழுத்திட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். பேனா இரண்டு தரம் கீழே விழுந்தது.

“ரிசர்வில வேலை கிடைச்சிருக்கு அம்மா. சனி ஞாயிறிலதான்.”

“உந்த முனையில இருக்கிற ரிசர்விலயோ? புல்லு வெட்டுறதோ?”

“அப்பிடித்தான்.”

“வெயில். தொப்பி போட்டுக்கொண்டு போ.”

இராணுவத்தைக் குறிக்கும் ஆமி என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆமி வந்து தட்டிய அன்று கதவைத் திறந்தவள் அம்மா. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அண்ணாவைக் கூட்டிப் போனார்கள். விடவில்லை. இந்த நாடு வேறு, இந்தப் படை வேறு என்று யாருக்கும் விளக்கியிருப்பேன். அவளுக்கு எப்படி விளக்குவது?

ஆகவே இரண்டு வருடம் பரமட்டா ஸ்டேசன் கழிப்பறையில் உடுப்பு மாற்றினேன். பையின் அடியில் சீருடை, மேலே அம்மா தந்த சாப்பாட்டுப் பெட்டி. சப்பாத்து மண்ணைப் பார்த்து, “பாவம், நல்லாப் பாடுபடுறாய்” என்பாள். இன்றும் சப்பாத்துப் பொலிஷ் மணம் வந்தால் எனக்குச் சாப்பாட்டு ஞாபகம்தான் வரும்.

ஒரு ஞாயிறு பின்னேரம், இரண்டு நாள் பயிற்சி முடிந்த களைப்பு. கூட வந்தவன் காரில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். பாதி நித்திரையில் கதவைத் தட்டினேன். அம்மா திறந்த பிறகுதான் என்ன உடுப்பில் நிற்கிறேன் என்று உறைத்தது.

“ஆரைத் தேடி வந்தனீங்கள்?” என்றாள், மரியாதையாக.

“அம்மா, நான்.”

முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டாள். அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவள் எனக்குக் கதவு திறந்ததே இல்லை. நான் வரும் நேரத்துக்கு முன்பே பூட்டை நீக்கிவிட்டுக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவாள். தட்டினால், “திறந்து கிடக்கு” என்று குரல் மட்டும் வரும்.

படிப்பு முடிந்ததும் விலகினேன்.

“விட்டிட்டன் அம்மா.”

“ஓம்.”

மறுநாளும் கதவு திறந்துதான் கிடந்தது, அவள் குசினியில்தான் இருந்தாள்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில், நான் வேலை செய்யும் வார்டுக்கு அடுத்த வார்டில். அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. இன்று காலை புதுப் பலகையைப் பார்த்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தேன். சாவி கையில்தான் இருந்தது. ஆனாலும் முதலில் கைப்பிடியைத் திருகிப் பார்த்தேன்.

பூட்டியிருந்தது.