கோப்பு இலக்கம் 212 பார்க்க

பரராசசிங்கத்தார் சோம்பேறி என்று சொன்னால் அவருடைய மனைவி சண்டைக்கு வருவார். வரட்டும். வேலணைத் தீவின் பிறப்புப் பதிவுக் கந்தோரில் ஏழு வருடம் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் நான். பிந்திப் பதியும் பிறப்புகளுக்குத் தகப்பனின் வாக்குமூலம் வாங்க வேண்டும். அதையும் பிரதி பண்ணிப் பதிவோடு யாழ்ப்பாணத்துத் தலைமைக் கந்தோருக்கு அனுப்ப வேண்டும். மூன்று பக்கம், கையெழுத்து வேலை. படிவத்தின் அடியில் ஒரு சலுகை இருந்தது: விபரம் வேறு கோப்பில் இருந்தால் அதன் இலக்கத்தைக் குறித்தால் போதும். மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்துக்கு எல்லாத்தையும் எழுதி மினைக்கெடுறீர்? கோப்பு எங்கட அலுமாரியிலதானே கிடக்கு. வேணுமெண்டால் வந்து பாக்கட்டும்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு நானும் அப்படியே எழுதினேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஆமி வந்திறங்க, உடுத்த உடுப்போடு தீவை விட்டு ஓடினோம். அலுமாரி அங்கேயே நின்றது. யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வீட்டில் கந்தோரை மறுபடி தொடங்கினோம். அடுத்த மாசியில் எங்கள் தீவின் மண்கும்பான் ஊர் அன்னபூரணம் வந்தார். மகள் நாகபூசணிக்கு அடையாள அட்டை எடுக்கப் பிறப்பு அத்தாட்சி வேண்டும். தலைமைக் கந்தோரில் எடுத்த பிரதியை மேசையில் வைத்தார். தகப்பனின் விபரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி: 'வேலணைக் கோப்பு இல. 212 பார்க்க.'

பரராசசிங்கத்தார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஐயோ, இது என்ர கையெழுத்து" என்றார். தலைமைக் கந்தோர் எங்களுக்குத் தந்திருந்த மற்றப் பிரதிகளின் கட்டையும் அவசரமாகப் புரட்டினார். முப்பத்தேழு பிள்ளைகள். எல்லாவற்றிலும் அதே வரி. ஐந்து என் எழுத்து.

அன்னபூரணத்தின் கலியாணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. புருசன் தெற்கில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் காணாமல் போனார். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஊருக்கு வந்து கொடுத்த வாக்குமூலம்தான் அவர் அந்தப் பிள்ளையின் தகப்பன் என்பதற்கு இருந்த ஒரே கடதாசி.

"ஐயா, அவர் சொல்லச் சொல்ல எழுதினது நீங்கள்தானே? ஞாபகம் இருக்குமே?"

பரராசசிங்கத்தார் தலையில் கை வைத்தார். "இலக்கம் ஞாபகம் இருக்கு, அக்கா. எந்தத் தட்டெண்டும் தெரியும். வேற ஒண்டும் வருகுதில்லை."

மிச்சம் ஒரே வழி, தாயின் சத்தியக் கடதாசி. "கோட்டில நீதவானுக்கு முன்னால புருசன்ர பேரை நீங்களே வாய் திறந்து சொல்லோணும்" என்றார் பரராசசிங்கத்தார்.

அன்னபூரணம் திடுக்கிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். கலியாணம் முடித்த நாளில் இருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. கை தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டது.

"கனகசபை" என்றார், காற்றைப் போல. உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். "அவர் திரும்பி வந்தால் கோவிப்பார், ஐயா. நீங்கள் அண்டைக்கு எழுதி அனுப்பியிருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டன்."