ரோஸி அக்காவின் சைக்கிள் மேல் விழுந்த பழி

ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளைக் கண்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த சைக்கிள் கடை வாசலிலும் பாருங்கள். முன் சக்கரத்துக்கு மேல் ஒரு ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் சிவப்பு பெயின்ட் அடித்த இன்னொரு ஸ்பிரிங். மவுன்டன் பைக்காம். வாங்குகிறவர் அதில் ஏறிப் பால் பாக்கெட் வாங்கப் போவார், டியூஷனுக்குப் போவார். உயரமான இடம் என்று அவர் ஏறப்போவது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். அதற்கு இரண்டு ஸ்பிரிங்.

இந்த ஸ்பிரிங்கால் ஒரு பெண்ணின் பெயர் கெட்டது. அவருடைய பிழைப்பே போக இருந்தது. அதைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் எழுதுகிறேன்.

ரோஸி அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இரும்புலியூரில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். ஒரு சின்ன நர்சிங் ஹோமில் உதவியாளராகச் சேர்ந்து, ஊசி போடக் கற்று, கடைசியில் எங்கள் லேப்புக்கு வந்தார். வீடு வீடாகப் போய்ச் சோதனைக்கு ரத்தம் எடுத்து வருவது வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறார். நான் வெண்ணிலா, குரோம்பேட்டை மெயின் லேப்பில் டெக்னீஷியன். அக்கா எடுத்து அனுப்பும் ரத்தத்தைச் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பது நான்.

காலை ஆறு மணிக்கெல்லாம் அக்கா செம்பாக்கத்தில் இருப்பார். வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், ஓட்ட மாட்டார். "ஸ்கூட்டர் சத்தம் கேட்டா தெரு நாய் எல்லாம் கத்தும். ராத்திரிலாம் தூங்காத பெருசு அப்பதான் கண்ண மூடிகினு இருக்கும். நான் ஏன் எழுப்பணும்?" என்பார். ஆகவே சைக்கிள். அதுவும் மவுன்டன் பைக்தான். ஆனால் பழைய மாடல். தடித்த டயர், முன்பக்கம் நேரான இரும்பு ஃபோர்க், ஸ்பிரிங் என்ற பேச்சே கிடையாது. ஒரு ஃபிளாட்டில் புது சைக்கிள் வாங்கியவர் வேண்டாம் என்று கொடுத்தது. பின்னால் கேரியர் வைத்து, அதில் ரத்த டியூப்களுக்கான பெட்டியைக் கட்டியிருந்தார்.

மார்ச் மாதம் வரை அக்காவே டியூப்களை நேராகக் குரோம்பேட்டைக்குக் கொண்டு வந்து கொடுப்பார். ஏப்ரலில் கம்பெனி செம்பாக்கத்தில் ஒரு கலெக்‌ஷன் சென்டர் திறந்தது. அதன்பின் அக்கா அங்கே ஒப்படைத்தால் போதும், கம்பெனி ஸ்கூட்டரில் ஒருவர் எங்களுக்கு எடுத்து வருவார். அதே மாதம் செம்பாக்கத்தில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டார்கள். அதே மாதம்தான் ரத்தமும் கெட ஆரம்பித்தது.

கெடுவது என்றால் இதுதான். டியூபை மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கவேண்டும். ரத்தம் வழியில் கண்டபடி குலுங்கினால் அதன் அணுக்கள் உடைந்து அந்த நீரும் சிவந்துவிடும். உடைந்த அணுவுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வரும். நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று மெஷின் பொய் சொல்லும். நிஜமாகவே ஏறினால் இதயம் நின்றுவிடலாம்.

செம்பாக்கத்து டியூப்களில் பத்துக்கு இரண்டு சிவப்பாக வந்தன. அப்படி வந்தால் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மேனேஜர் ஜெஃப்ரி, "திரும்பத் திரும்பக் குத்தினா கஸ்டமர் ஓடிருவாங்க வெண்ணிலா. கீழ ஒரு நோட் போட்டு அனுப்பிடுங்க" என்றார். ராஜகோபால் சார் என்று எழுபத்தொரு வயதுக்காரர், சிறுநீரகம் பலவீனமானவர். மூன்று வருடமாக ரோஸி அக்காவைத் தவிர யாரிடமும் கை நீட்டாதவர். ஜூன் மாதம் அவர் டியூபும் சிவந்து வந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, யாரும் படிக்காத பொடி எழுத்தில் 'சாம்பிள் சிவந்துள்ளது' என்று ஒரு நோட் போட்டு, ஐந்துக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் ஆறு புள்ளி நான்கு என்று ரிப்போர்ட்டை அனுப்பினேன்.

அவர் மகள் ப்ரியா பயந்துபோய் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு நாள் முழுக்க ஐ.சி.யூ.வில் நெஞ்செல்லாம் ஒயர். மறுநாள் அங்கேயே எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ப்ரியா எங்கள் லேப்புக்கு போன் செய்து கத்தினார். கத்தாமல் என்ன செய்வார்?

ஜெஃப்ரி அவருக்குப் பதில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "சாரி மேடம், எங்க கலெக்‌ஷன் ஸ்டாஃப் ஒரு பழைய சைக்கிள்ல வர்றாங்க. சஸ்பென்ஷன் இல்ல. ரோடு வேற மோசம். சாம்பிள் ஷேக் ஆயிருக்கு." சஸ்பென்ஷன் என்றால் அந்த ஸ்பிரிங்தான். எவ்வளவு சுலபம் பாருங்கள். வாயில்லாத சைக்கிள், வாய் இருந்தும் கேட்க ஆளில்லாத அக்கா. ப்ரியா அதைத் தங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டார். அந்த சைக்கிள்காரம்மா வேண்டாம் என்று நான்கு வீடுகள் ஒரே வாரத்தில் நின்றன.

ஜெஃப்ரிக்கு சைக்கிளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஓர் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளப்காரர்களோடு வழவழ ரோட்டில் போய் இட்லி சாப்பிட்டு வருகிறவர். அவருடைய மவுன்டன் பைக்கிலும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். அது மலையைப் பார்த்தது ஸ்டிக்கரில் மட்டும்தான். நிஜமான மலையில் பாறை மேல் வேகமாக இறங்குகிறவனுக்கு நல்ல சஸ்பென்ஷன் வேண்டும், நான் இல்லை என்று சொல்லவில்லை. இங்கே யார் இறங்குகிறார்கள்? இவர் அக்காவைக் கூப்பிட்டு, "நானும் சைக்கிளிஸ்ட்தான்க்கா. சஸ்பென்ஷன் இல்லாம இந்த ரோட்ல ஓட்டவே கூடாது" என்றார்.

"மார்ச் வரிக்கும் இதே சைக்கிள்லதான சார் எடுத்தாந்தேன்? அப்ப ஒண்ணும் ஆவலயே" என்றார் அக்கா.

"அப்ப ரோடு நல்லா இருந்துச்சுல்ல."

கம்பெனி பெயரில் ஒரு டபுள் ஷாக் சைக்கிள் வந்தது. அக்கா அதைத் தள்ளிக்கொண்டு இரும்புலியூர் மெக்கானிக் சாலமனிடம் போனார், பெட்டி கட்ட கேரியர் மாட்டச் சொல்லி. சாலமன் சைக்கிளைச் சுற்றி வந்து, சீட்டைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். அது ஊஞ்சல் மாதிரி இறங்கி ஏறியது.

"அக்கா, பின்சக்கரமே மேல கீழ ஆடிகினு கீது. கேரியர எதுல மாட்டச் சொல்ற? யார் வாங்கினது இத?"

"மேனேஜர்."

"அவரு பொட்டி கட்டி ஓட்டுவாரா?"

பெட்டியில்லாத சைக்கிள். பெட்டிக்காகவே வாங்கிய சைக்கிள். அக்கா டியூப்களை ஒரு ஸ்கூல் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார். மிதிக்கிற பலத்தில் பாதியை ஸ்பிரிங் தின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் சீட் முங்கும். பள்ளத்தில் இறங்கினால் முன் ஃபோர்க் அடிவரை போய் டங்கென்று முட்டும். இரும்புக் குண்டு மாதிரி கனம். ஆறு மணி வீட்டுக்கு ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு வாரம் இப்படி. எங்களிடம் வந்த டியூப்களில் பத்துக்கு இரண்டு அப்போதும் சிவப்பு.

அதற்குப் பிறகாவது பழி சைக்கிளை விட்டு இறங்கி, சரியான இடத்தைத் தேடியிருக்க வேண்டும் அல்லவா? தேடவில்லை. அக்காவின் கைக்கு ஏறியது. "அப்போ உங்க டெக்னிக்ல ப்ராப்ளம்க்கா. கை நடுங்குதோ என்னவோ. ஒண்ணாம் தேதியிலிருந்து வேற ஆள் பாக்கலாம்னு இருக்கோம்" என்றார் ஜெஃப்ரி.

நரம்பே தெரியாத கையில்கூட ஒரே குத்தில் எடுக்கிறவர் ரோஸி அக்கா. அவரிடம் ஊசி குத்திக்கொண்டு, வலித்தது என்று அழாத குழந்தைகள்கூட இருக்கிறார்கள். சைக்கிளைச் சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்த முகம் அன்று சிரிக்கவில்லை.

"சைக்கிள சொன்ன, சரின்னு உட்டேன். கைய சொல்லாத சார். மூணு நாள் குடு. என் பழைய சைக்கிள்ல நானே நேரா குரோம்பேட்டைக்கு எடுத்தாறேன். ஒரு டியூபு செவந்து வந்தாலும் நானே நின்னுக்கறேன். நீ நிறுத்த வாணாம்."

ஜெஃப்ரி ஒப்புக்கொண்டார். மூன்று நாளில் அக்காவை அனுப்பும் வேலை தானாக முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

முதல் நாள் காலை நான் வீட்டிலிருந்து செம்பாக்கம் வழியாக வந்தேன், அக்கா ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றே. குழாய் புதைத்து மூடாத தெரு. அக்கா டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்திருந்தார். பள்ளம் வருவதற்கு முன்னாலேயே சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் சமமாக நிற்க, முட்டியையும் முழங்கையையும் மடக்கிக்கொண்டார். சைக்கிள் அடியில் தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது, அவர் உடம்பு அலுங்கவில்லை. டியூப்கள் எப்போதும்போல் ஸ்டாண்டில் நின்ற வாக்கில், சுற்றிலும் துண்டு திணித்து, இந்த முறை நெஞ்சோடு கட்டிய பையில் இருந்தன. "கேரியர்ல கட்டினா ஒருவேள குலுங்குமோன்னு எனக்கே இப்ப சந்தேகம் வந்துட்சி. அதான் நெஞ்சு மேலயே கட்டிக்கினேன். முட்டிய எதுக்குக் குடுத்துகிறாரு கர்த்தரு?" என்றார் என்னிடம்.

அஸ்தினாபுரம் வழியாகத் தினமும் அத்தனை தூரம் வந்தார். மூன்று நாளில் நாற்பத்தொரு டியூப். ஒவ்வொன்றையும் சுற்றி எடுத்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று சிவந்தாலும் பதினோரு வருடம் போயிற்று. நாற்பத்தொன்றும் வைக்கோல் நிறம். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா லேப்பில் நின்றிருக்கும்போதே கம்பெனி ஸ்கூட்டர் வந்தது. செம்பாக்கம் சென்டருக்கு நேரில் வந்து கொடுத்தவர்களின் ரத்தம். ஸ்கூட்டரில் முன்னால் காய்கறிப் பை மாட்டுகிற கொக்கி இருக்குமே, அதில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. அதற்குள் டியூப்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வருகிற வழியெல்லாம் ஓட்டுகிறவரின் முட்டியில் இடித்து ஆடியிருக்கிறது.

"ஸ்டாண்டு எங்க?" என்று கேட்டார் அக்கா.

"ஸ்டாண்ட் உங்களுதாச்சேக்கா. நாளைக்கு உங்களுக்குத் திருப்பித் தரணும்ல? அதான் சென்டர்ல டியூபை மட்டும் எடுத்துக் கவர்ல போட்டுத் தருவாங்க" என்றார் ஸ்கூட்டர்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஏப்ரலிலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறது. துண்டு சுற்றிக் குழந்தை மாதிரி அக்கா கொண்டுபோய்க் கொடுத்ததை, இவர்கள் கவரில் கொட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டில் மூன்று சிவப்பு. அக்காவின் கையும் படாத, சைக்கிளும் ஏறாத ரத்தம். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த கம்பெனி ஸ்கூட்டரில் வந்த ரத்தம். அப்புறம்தான் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். சென்டருக்கு நேரில் வந்தவர்களின் டியூப்களும் ஏப்ரலிலிருந்தே அதே அளவு சிவந்திருந்தன. எல்லாம் என் கையெழுத்தில். முதல் வாரமே நான் புரட்டியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

ஜெஃப்ரி ஸ்கூட்டருக்குப் பஞ்சு வைத்த பெட்டி வாங்கினார். அக்காவிடம், "நீங்க கன்டினியூ பண்ணுங்கக்கா" என்றார். அவ்வளவுதான்.

"ராஜகோபால் சார் வூட்ல சொல்லு சார், என் தப்பு இல்லன்னு. அந்த நாலு வூட்லயும் சொல்லு."

"அதெல்லாம் எழுத்துல, போன்ல சொல்ல முடியாதுக்கா. லீகலா பிரச்சனை ஆயிடும்."

பழி சொல்வதற்கு எந்த சட்டமும் குறுக்கே வரவில்லை. அதைத் திருப்பி எடுப்பதற்கு மட்டும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவைக் கூட்டிக்கொண்டு ராஜகோபால் சார் வீட்டுக்கு நானே போனேன். ப்ரியா கதவைத் திறந்தார், அக்காவைப் பார்த்ததும் முகம் மாறியது. உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கவரை, ஸ்கூட்டரை, நாற்பத்தொரு டியூபை. ப்ரியா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பாவோட சாம்பிள் செவப்பா இருந்தது, ரிப்போர்ட் அனுப்பறப்ப உங்களுக்குத் தெரியுமா?"

பொடி எழுத்தில் நோட் போட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, "தெரியும்" என்றேன்.

ப்ரியா என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "சாரிக்கா. நான் யோசிக்காம குரூப்ல போட்டுட்டேன். இப்பவே மாத்திப் போடறேன். நாளைக்குக் காலைல நீங்களே வந்து அப்பாவுக்கு எடுங்க." அப்புறம் என்னிடம் சொன்னார்: "அக்கா எடுத்துக் குடுத்தா போதும். ரிப்போர்ட்டுக்கு நாங்களே வேற லேப்ல குடுத்துக்கறோம்."