தண்ணீர் குடித்த படகு

ஃபிஜியில் எங்களைப் போன்ற இந்தியர்களுக்கு எதிராக எண்பத்தேழில் நடந்த இரண்டு ஆட்சிக் கவிழ்ப்புகளைப் பார்த்தும் நாங்கள் நாட்டைவிட்டுப் போகவில்லை. இரண்டாயிரத்தில் மூன்றாவது வந்தபோது என் தம்பி போய்விட்டான். கரும்பாலைப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன். நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வேலை கிடைத்தது. அதை அடுத்து எங்கள் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்தது. நிலத்துக்காரர்கள் நீட்டித்துத் தரவில்லை. ரக்கிரக்கி ஊரில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக்கூரை வீட்டுக்கு வந்து, நானும் என் கணவரும் படகு ஓட்டத் தொடங்கினோம்.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு கடைக்காரர் விற்றுவிட்டுப் போன படகு அது. இருபத்து மூன்று அடி ஃபைபர் படகு, நாற்பது குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். எதிரே இருக்கும் தீவுகளுக்கு மாவு மூட்டை, மண்ணெண்ணெய் பீப்பாய், சிமெண்ட், காஸ் சிலிண்டர் எல்லாம் கொண்டுபோவோம். இடுக்கில் ஆட்கள் உட்காருவார்கள். காலியாக இருந்தால் படகு தண்ணீர்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடும். பாரம் ஏற்றினால் ஏறாது. மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்புறம் அமிழும், எஞ்சின் கத்தும். முக்கால் மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இறங்கும்போது என் இடுப்பு என்னுடையதாக இருக்காது.

ஒருநாள் மதியம் காற்று பலமாகப் பின்னாலிருந்து அடித்தது. எங்களைவிட அலை வேகமாக வந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏறி உள்ளே கொட்டியது. என் கணவர் கைப்பிடியை விட முடியாமல், "மூட்டையத் தள்ளு! தள்ளு!" என்று கத்தினார். அது தீவுக்காரர்களின் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, சுவர் எழுப்ப வாங்கிய சிமெண்ட். எனக்குக் கை வரவில்லை. கூட வந்த தீவுக் கடைக்காரர், ஃபிஜிப் பூர்வகுடிக்காரர், வயதானவர், எழுந்து முதல் மூட்டையைத் தானே கடலில் போட்டார். ஆறு மூட்டைகள் போயின. கரையில் இறங்கியதும் இந்தியில், "சிமெண்ட் இன்னொரு தடவை வாங்கிக்கலாம், தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எஞ்சின் பத்தல. அறுவது வேணும்" என்றார் என் கணவர். அறுபது குதிரைத்திறன் எஞ்சினுக்கு நாங்கள் எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை தபாலாபீஸ் வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் அட்டையைச் செருகித் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இங்க வந்துடுங்களேன். பேப்பர் போடட்டுமா?"

"அது கெடக்கட்டும். படகு பாரத்தோட ஏற மாட்டேங்குதுடா."

அவனுக்குப் பழைய பட்டறைக்காரன் குரல் வந்தது. "பாரத்த எங்க வெக்கிறீங்க?"

"பின்னால. எறக்க வசதியா இருக்கும்."

"பெட்ரோல் டாங்கி?"

"அதுவும் பின்னால."

"மச்சானும் பின்னால!" என்று சிரித்தான். போனதிலிருந்து அவன் சிரித்து நான் கேட்டதில்லை. "கரையில இழுக்க எத்தன பேரு வேணும்?"

"மொதல்ல நாலு பேரு இழுத்தாங்க. இப்ப ஏழு பேரு இழுத்தாலும் அசைய மாட்டேங்குது."

"அப்ப படகு தண்ணி குடிச்சிருக்குக்கா. மிதக்கிறதுக்காகத் தரைக்கு அடியில ஃபோம் அடச்சிருப்பான், அது ஊறியிருக்கும். ஓட்ட போட்டுப் பாருங்க."

நல்ல படகில் ஓட்டை போடுவதா என்று என் கணவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரே துளைபோட்டார். பழுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தரையை அறுத்து, ஊறிப்போன ஃபோமைக் கையால் பிய்த்து எடுத்தோம். ஒவ்வொரு துண்டும் நனைந்த மெத்தை மாதிரி கனத்தது. ஃபைபர் தூள் பட்டு ஒரு வாரம் கை அரித்தது, சோறு பிசைய முடியவில்லை. ஃபோம் இருந்த இடத்தில், மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன்களை வைத்து, மேலே பலகை போட்டு ஃபைபர் பிசின் பூசினோம்.

அடுத்த பயணத்தில் எல்லாப் பாரத்தையும் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அதுவும் தப்பு. படகு மூக்கை அலையில் குத்தி, மாவெல்லாம் நனைந்தது. பிறகு பீப்பாயை நடுவிலும், மூட்டைகளை அதற்குச் சற்று முன்னாலும், டாங்கியை இன்னும் முன்னாலும் மாற்றி வைத்தோம். மூக்கு ரொம்பத் தூக்காமல் இருக்க, எஞ்சின் சாய்வைப் பிடிக்கும் ஆணியைப் படகுப் பக்கமாக ஒரு துளை தள்ளிப் போடச் சொன்னான் தம்பி. அப்படியே செய்தோம். ஓரளவு சரியானது. ஆனாலும் முழுப் பாரத்துக்கு எஞ்சின் திணறியது. "தண்ணிக்குள்ள சுத்துற விசிறியோட திருகல் சாஸ்தி. ஏத்தத்துல பெரிய கியர்ல போற மாதிரி. நான் வேற அனுப்புறேன்" என்றான்.

தாயின் கருமாதிக்கு ஆக்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டியில் அந்த விசிறி வந்தது. துண்டில் சுற்றியிருந்தது. துண்டைப் பிரித்தால் உள்ளே குடியேற்ற விண்ணப்பமும் இருந்தது.

விசிறியை அன்றைக்கே மாட்டினோம். மறுநாள் முழுப் பாரம், அந்தத் தீவுக் கடைக்காரரும் ஏறினார். மூக்கு தூக்கியது, வழக்கம்போல நடுங்கியது. நான் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டேன். திடீரென்று மூக்கு தாழ்ந்தது, எஞ்சின் சத்தம் மாறியது, அடியில் தண்ணீர் சடசடவென்று ஓடியது. என் கணவர் வாய்விட்டுக் கத்தினார். கடைக்காரர் படகின் விளிம்பைத் தட்டி, "வினாக்கா, வினாக்கா" என்று அதற்கே நன்றி சொன்னார். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாவு மூட்டைமேல் தலையைச் சாய்த்தேன். தீவு வந்து எழுப்பும்வரை தூங்கிவிட்டேன்.

விண்ணப்பத்தைத் தம்பிக்காகத்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று நானும் என் கணவரும் வெகு நேரம் யோசித்து, படகோட்டி என்று எழுதினோம். சில மாதம் கழித்து, தகுதி இல்லை என்று கடிதம் வந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

தம்பிக்கு நான்தான் சொன்னேன். அவன் போனில் அழுதான். "அழாதடா, இங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று அட்டை தீரும்வரை சமாதானம் சொன்னேன். ரிசீவரை மாட்டினேன். துறையில் பதினெட்டு மூட்டைகள் ஏற்றாமல் கிடந்தன. அவற்றை ஏற்றத் துறைக்குத் திரும்பி நடந்தேன்.