தங்கை கல்யாணக் கேக்கின் ரிப்பன்

என் கணவர் இறந்த பிறகு திருக்காட்டுப்பள்ளியில் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். குத்தகை வயலில் மோட்டார் போடப் போனவரை ஈரக் கையோடு கரண்ட் பிடித்துக்கொண்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதன் பிறகு நல்லது எதற்கும் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அம்மாவையும் அப்பாவையும் மட்டும் பார்த்து, "ரெண்டு பேரும் அவசியம் வந்துடுங்க" என்பார்கள். காபி டம்ளரோடு நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

தஞ்சாவூரில் ஒரு கேக் வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டது என் தங்கைதான். "வீட்டுலயே உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்காதக்கா" என்று சொல்லி, பஸ் ஏற்றிவிட அவளே வந்தாள். கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் நான்தான் கேக் செய்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. நலங்கு வைப்பது, ஆரத்தி எடுப்பது, பந்தக்காலுக்கு மஞ்சள் பூசுவது என்று நம் விசேஷங்களில் எல்லாவற்றுக்கும் யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று உண்டு. கேக்குக்கு அது கிடையாது. நேற்று வந்த பண்டம் அது. அதற்கு யார் முறை எழுதிவைத்திருக்கிறார்கள்? என் கை பட்டால் குற்றம் என்று சொல்லமுடியாத ஒன்றாவது இருக்கிறது என்று நம்பினேன்.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை.

"அக்கா, ரிசப்ஷன் கேக் நீதான் செய்யணும்" என்றாள். "மூணு அடுக்கு. கிரீம்ல பூவெல்லாம் வேணாம். வெள்ளையா இருக்கட்டும். என் புடவைக் கலர்ல நிஜ ரிப்பன் சுத்திடு."

ரிப்பன் வாங்க இருவரும் தஞ்சாவூருக்குப் போனோம். அவளுடைய புடவையின் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினோம். கடைசியில் அரக்கு நிறத்தில் ஒரு சாட்டின் ரிப்பன் சரியாகப் பொருந்தியது. கடைக்கு வெளியே வெயிலில் அதை என் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்து, "சூப்பரா இருக்குக்கா" என்று சிரித்தாள்.

துணி ரிப்பனைக் கிரீமில் அப்படியே ஒட்டினால் வெண்ணெய் ஊறித் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். அதனால் ரிப்பனின் பின்பக்கம் முழுக்கப் பட்டர் பேப்பரை வெட்டி ஒட்டவேண்டும். சாப்பிடுகிற பொருள் என்பதால் குண்டூசி குத்தக்கூடாது. இரண்டு முனையும் சேரும் இடத்தில் துளி ஐசிங் வைத்து, அந்த இடத்தைப் பின்புறம் வருமாறு திருப்பிவிட வேண்டும். கடுகு டப்பா, அரிசி டப்பா என்று சமையலறையில் உருண்டையாக இருந்த எல்லாவற்றிலும் சுற்றிச் சுற்றிப் பழகினேன். அந்த நாட்களில் நான் பாட்டு முணுமுணுத்தேன் என்று அப்பா பிறகு சொன்னார்.

ரிசப்ஷன் அன்று மாலை மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்து மேஜையில் மூன்று அடுக்கையும் ஏற்றி நிறுத்தினேன். கீழ் அடுக்குக்கு ரிப்பன் சுற்றி முடித்தேன். ஒரு சுருக்கம்கூட இல்லை. நடு அடுக்குக்குக் கையில் எடுத்தபோது அம்மா வந்து என் முழங்கையைத் தொட்டாள்.

"அந்த ரிப்பனை அத்தைகிட்ட குடுத்துடும்மா. அவ கட்டட்டும்."

"ஏம்மா?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க."

"வரட்டுமே. கேக்குல என்னம்மா இருக்கு?"

"கேக்குல ஒண்ணும் இல்ல. கட்டுறது... அதுதான்."

"இது கட்டுறது இல்லம்மா, ஒட்டுறது" என்றேன். எனக்கே அது அசட்டுத்தனமாகக் கேட்டது.

அத்தை பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக அம்மாவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ரிப்பனை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சாமான் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு காய்கறிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். பட்டர் பேப்பரை அவளுக்குக் கொடுக்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எழுந்து போகக் கால் வரவில்லை.

வெளியே பாட்டும் கைதட்டலும் கேட்டன. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு போய்ப் பார்த்தேன். மேல் இரண்டு அடுக்கிலும் ரிப்பன் வெண்ணெய் ஊறி, கோணலாக இறங்கியிருந்தது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்துக் குறை சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது தங்கையின் மாமியார் என்னைத் தேடிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார்.

"கேக் வெட்டுறப்ப உன்னத்தாம்மா தேடினோம். செஞ்ச பொண்ணு மேடையில நிக்க வேணாமா? ஒரு போட்டோவுலகூட உன்னைக் காணோம்."

அந்த முகத்தில் பொய் இல்லை. இவர்களுக்குப் பயந்தா என்னை ஒதுக்கினார்கள் என்று மனது அடித்துக்கொண்டது. அவர்கள் கிளம்பிய பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கு அவங்க வீட்டுல யாரும்மா உன்கிட்ட சொன்னாங்க?"

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவங்க யாரும் சொல்லலை."

"அப்ப நீயாவா?"

"தங்கச்சிதான் போன் பண்ணினா. மேக்கப் ரூம்லேர்ந்து. ரிப்பனை அக்கா சுத்த வேணாம், அவ தப்பா எடுத்துக்காம நீயே பாத்து சொல்லும்மான்னா. பயந்துட்டாடி. சின்னப் பொண்ணுதானே."

அம்மா கழுவி வைத்ததைத் துடைத்து அடுக்கினேன். ஊரார் ஒதுக்கியபோதெல்லாம், தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நான் தூங்கினேன். அன்றிலிருந்து அந்த நினைப்பும் இல்லை.

தங்கை சிங்கப்பூர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவாள். அங்கே காய்கறி விலை, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நிறையச் சொல்வாள். நானும் மழை பெய்ததையும் ஆற்றில் தண்ணீர் வந்ததையும் சொல்வேன். ரிப்பனைப் பற்றி அவளிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள். அதற்குப் பிறகும் அந்தப் பயம் அவளுக்குள் அப்படியேதான் இருக்கும்.

போன மாதம் பேசும்போது முகமெல்லாம் வெட்கமாக இருந்தாள். உண்டாகியிருக்கிறாளாம். வளைகாப்புக்கு இங்கேதான் வருவாளாம்.

"கேக் நீதான் செய்யணும்க்கா" என்றாள்.

"செய்றேன்" என்றேன். "என்ன ஃபிளேவர் வேணும், சொல்லு."

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். என் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது.