சோபா வராத நாள்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, என் அக்காவைப் பார்த்து மூன்று பேர் பரிதாபப்பட்டார்கள். நல்ல ஆங்கிலத்தில், ரொம்ப நேரம் பரிதாபப்பட்டார்கள்.

அக்கா அவர்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில் உட்கார்ந்து, பால் கலக்காத ஐஸ் டீயான தே ஓ ஐஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

இடம், ஜார்ஜ் டவுனில் நான் படிக்கும் கல்லூரி. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — பாக்டரியில் டெஸ்ட் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, இருபத்தேழு வயதில் போட்டோகிராபியை ஒரு கலையாகப் படிக்கப் போனவள் நான். அப்பா இன்னமும் சொந்தக்காரர்களிடம், "கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதோ படிக்குது" என்றுதான் சொல்லி வருகிறார்.

அன்று ஆண்டு இறுதிக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் நாள். வகுப்பில் இருபது பேர். சுவரில் எட்டுப் படங்களுக்குத்தான் இடம். அந்தச் சுவரைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து கேலரிக்காரர்கள் வருவார்கள். சுவரில் இருந்தால் கலைஞர். இல்லாவிட்டால் டிப்ளோமா வைத்திருக்கும் கல்யாண போட்டோகிராபர். நான் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தது அந்தச் சுவருக்காகத்தான்.

தேர்வுக்கு ஒரு விதி உண்டு. படம் திரையில் இருக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. தலைப்பைக்கூடக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். படம் தானாகப் பேச வேண்டுமாம். பேசும்தான்... என்ன பேசுகிறது என்பதை நடுவர்கள் முடிவு செய்வார்கள்.

எனக்கு முன்னால் ஹலீம். வகுப்பில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். சின்னப் பையன், என்னைவிடப் பல வருஷம் இளையவன், ஆனால் விவரமானவன். அவன் படத்தில், பனியன் போட்ட ஒரு பெரியவர் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்கிறார். கறுப்பு வெள்ளை.

"உழைப்பின் தனிமை" என்றார் ஒரு நடுவர். "முகமே இல்லாத தொழிலாளி" என்றார் இன்னொருவர். ஹலீம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். தலைப்பு கேட்டார்கள். "தலைப்பில்லை" என்றான். உடனே தேர்வு.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன் காதோடு சொன்னான்: "அது எங்க அத்தா, சிஸ்."

"உங்க அப்பாவா? அவருக்கு மூணு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை இருக்கே!"

"இப்ப நாலு. வெங்காயம் உரிக்கிற ஆளு அன்னிக்கி லீவு. அவங்க கேக்கல, நான் சொல்லல. நீங்களும் வாய மூடிட்டு இருங்க லா. கிடைச்சிரும்."

அடுத்து என் படம்.

ஒரு பெண், வெற்றுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பழைய டீ-சர்ட், பாத்தேக் கைலி. கண்கள் மூடியிருக்கின்றன. முகத்தில் பாதி நிழல். திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் நேராக அவள் உள்ளங்கைகளில் விழுகிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரம். காலி. வெளிப்பக்கம் வழிந்து காய்ந்த கறை.

அந்தப் பெண் என் அக்கா சுமதி. பாயான் பாருவில் சொந்தமாக வாங்கிய அபார்ட்மெண்ட்டில் அவளுக்கு அது முதல் நாள். அக்கா ஷிப்ட் இன்ஜினியர். நைட் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு, நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். சோபா மறுநாள்தான் வரும். சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஜெலுத்தோங் பிளாட்டில் ஐந்து பேருக்கு நடுவில் வளர்ந்தவள். அவள் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அதைத்தான் எடுத்தேன். அவளிடம் காட்டினேன். "இதையே போடுடி" என்றாள். தேர்வு நாளன்று அவள் லீவு போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்ததும் அதற்காகத்தான்.

தலைப்பு, 'சொந்த வீடு, முதல் காலை'. அதைச் சொல்லும் நேரம் வரவேண்டுமே?

நடுவர்கள் சொன்ன வார்த்தைகளைக் கைபேசியில் குறித்துக்கொண்டே வந்தேன். பேச முடியாதவள் வேறு என்ன செய்வாள்? வறுமை. அடிமைத்தனம். விட்டுப்போன புருஷன் — இவரைப் படத்தில் எங்கே பார்த்தார்கள்? அப்புறம், பசி.

பசி என்றவர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர். கண்காட்சிகள் அமைப்பவர். தமிழர். லேசரின் சிவப்புப் புள்ளியைப் பாத்திரத்தின் மேல் வைத்தார். "முழுப் படமும் இந்தக் காலிப் பாத்திரத்தில் இருக்கிறது. தோட்டத்தை விட்டு நகரத்துக்குத் துரத்தப்பட்ட நம் மக்களின் வரலாறு" என்றார். குரல் தழுதழுத்தது.

அவர் வீட்டில் பால் காய்ச்சாமலா குடிபோயிருப்பார்கள்? பொங்கி வழிந்த கறை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கலை என்று வந்துவிட்டால் தெரிந்ததையும் மறந்துவிட வேண்டும் போல.

எனக்கு விதி. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு எந்த விதியும் இல்லை.

"சார், நீங்க தமிழ்தானே?" — கடைசி வரிசையிலிருந்து அவள் குரல். "அது பால் பொங்கின சட்டி சார். புது வீட்டுக்குப் பொங்க வைப்போமே, அது. கழுவ நேரமில்ல."

மூன்று தலைகளும் திரும்பின.

"நீங்க யாருங்க?" என்றார் விருந்தினர்.

"நான்தான் அந்தப் பொம்பள."

திரையைப் பார்த்தார்கள். அக்காவைப் பார்த்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கார் சாவி, பாதி குடித்த தே ஓ ஐஸ்.

"ஆனா... படத்துல ரொம்பச் சோகமா இருக்கீங்களே?"

"தூக்கம் லா சார். நைட் ஷிப்ட். சந்தோஷமா இருந்தா கண்ண மூடக் கூடாதா?" கொஞ்சம் நிறுத்தி, "புருஷன் விட்டுட்டுப் போயிட்டாருன்னு வேற சொன்னீங்க. இன்னும் வரவே இல்ல சார். அதுக்குள்ள எப்படிப் போவாரு?"

வகுப்பு சிரித்தது. நடுவர்கள் சிரிக்கவில்லை. எங்கள் விரிவுரையாளர் மேடம் — நடுவர்களில் அவரும் ஒருவர் — திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கதை தெரிந்த பிறகு, படம் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது... இல்லையா?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அதே ஜன்னல், அதே வெளிச்சம், அதே பாத்திரம். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நம் மக்களின் வரலாறாக இருந்தது. இப்போது யாரோ ஒரு பெண் தூங்குகிறாள், அவ்வளவுதான். அக்கா ஏழையாக இல்லாமல் போனது என் படத்தில் உள்ள குறை!

பிற்பாடு மேடம் என்னை வராந்தாவில் நிறுத்தினார். அன்பாகத்தான் பேசினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. தலைப்பை எடுத்துவிடு. பார்க்கிறவர்கள் தங்களுக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்ளட்டும்." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம்... திறப்பு விழாவுக்கு உன் அக்கா வராமல் இருந்தால் நல்லது. வந்தாலும் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம்."

காரில் அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போட்டுடு லா. நாலு பேரு பாவப்பட்டா எனக்கு என்ன தேய்ஞ்சா போயிரும்? நீ வேலைய விட்டதே இதுக்குத்தானே."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள்.

"நான் எப்படி வாங்கினேன், எத்தன ஓவர்டைம் பார்த்தேன்... அதெல்லாம் யாருக்கும் தெரிய வேணாம்டி. ஆனா என் வீட்டுப் படத்துக்குப் பக்கத்துல நான் நிக்கக் கூடாதுன்னா..." முடிக்கவில்லை. "சரி விடு. பச்ச விழுந்துருச்சு."

திங்கட்கிழமை மேடத்துக்கு எழுதினேன். தலைப்போடு மாட்டுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று. பதில் அரை மணி நேரத்தில் வந்தது. மிக மரியாதையான ஒரே வரி. வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

பாக்டரியில் என் வேலை எளிமையானது. சர்க்யூட் போர்டை எடு. கையில் இருக்கும் ஸ்பெக்கோடு, அதாவது எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலோடு, ஒப்பிடு. பொருந்தினால் பாஸ், பொருந்தாவிட்டால் ரிஜெக்ட். கலை அப்படி இருக்காது என்று நம்பித்தான் அங்கிருந்து வெளியே வந்தேன். இங்கேயும் ஸ்பெக் இருக்கிறது. தமிழ்ப் பெண் என்றால் களைத்திருக்க வேண்டும். பாத்திரம் என்றால் காலியாக இருக்க வேண்டும். பாக்டரியில் ஒரு நேர்மை இருந்தது — ஸ்பெக்கை அச்சடித்து முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவார்கள்.

அக்காவின் சோபா அப்போதே, சொன்ன நாளில் வந்துவிட்டது. சாம்பல் நிறம், பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றவில்லை. அதற்கு மேலே சுவரில் அந்தப் படத்தை நானே மாட்டினேன். எட்டாவது இடம் கிடைக்காவிட்டால் என்ன, இந்தச் சுவரில் முதல் இடம்... இப்படியெல்லாம் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலிலிருந்து அத்தை வந்தார். பால் காய்ச்சிய அன்று வர முடியாதவர். அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தார். படத்தைக் கண்டார். அதற்கு நேர் கீழே, சோபாவில், அக்கா.

"ஐயோ பாவம்... யாரு வீட்டுப் பொண்ணுடி அது? சாப்பாட்டுக்கே இல்லாதவ மாதிரி. சாமி படம் மாட்ட வேண்டிய எடத்துல தரித்திரத்த மாட்டி வெச்சிருக்கீங்க?"

அக்கா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அத்த, நீங்களும் அந்தக் காலேஜ்லதான் படிச்சீங்களா?"

அத்தைக்குப் புரியவில்லை. நாங்களும் விளக்கவில்லை. அவர் போன பிறகு ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் படத்துக்குக் கீழே ஒட்டினேன்:

சுமதி. இன்ஜினியர். வீட்டுக்குச் சொந்தக்காரி. தூங்குகிறாள்.