முக்காடு இல்லாத கொக்கி

கடற்புழு வரைகிறேன் என்று சொன்னால் எங்கள் கம்பத்து ஊர்க்காரர்கள் யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். என் மாமனாரே சொந்தக்காரர்களிடம், "மாப்பிள்ளைக்கு ஆபிஸ் வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு முன்னால் நான் லோரிக் கதவுகளில் முதலாளிமார்களின் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கை நடுங்காதவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தக் கையை நம்பித்தான் கோலா சிலாங்கூர் ஆற்றுமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது, எண்பதுகளின் நடுவில், எனக்கு அங்கே பத்து வருஷம் ஆகியிருந்தது.

தண்ணீர் வற்றிய நேரத்தில் சேற்றை வாரிக்கொண்டு வந்து சல்லடையில் அலசுவார்கள். சேறு போக, மிஞ்சுவது புழு. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், மங்குக் கிண்ணத்தில் மிச்சம் விட்ட மீ நூடுல்ஸ் மாதிரி. ஆனால் ஒன்றுக்குத் தலையில் உணர்கொம்பு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. ஒன்றுக்கு நான்கு கண், இன்னொன்றுக்கு ஒன்றும் இல்லை. தாடையைப் பிரித்துப் பார்க்க வேண்டும், செவுள் எத்தனையாவது வளையத்தில் தொடங்குகிறது என்று எண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சுணை. மூங்கிலில் கை வைத்தால் ஏறுமே, அதுபோல இந்தப் புழுக்களுக்கு ஒவ்வொரு வளையத்தின் இரண்டு பக்கமும் கட்டைக்கால் ஒன்றும், அதில் ஒரு கொத்துச் சுணையும் இருக்கும். அந்தக் காலை மெல்லிய பிளேடால் அறுத்து, கண்ணாடிச் சில்லில் கிளிசரின் விட்டு வைத்து, நுண்நோக்கியில் பார்த்துப் பார்த்து வரைவதுதான் என் பிழைப்பு.

சில சுணைகள் நீள முடி போல இருக்கும். சில நுனி வளைந்த கொக்கிகள். அந்தக் கொக்கியின் நுனியை மூடியபடி சில புழுக்களுக்கு ஒரு மெல்லிய உறை உண்டு. கண்ணாடித்தாள் போல, ஒளி அப்படியே ஊடுருவிப் போகும். நாங்கள் அதை முக்காடு என்போம். முக்காடு இருந்தால் புழு ஒரு குடும்பத்தில் சேரும். இல்லாவிட்டால் அதன் உறவுமுறையே மாறிப்போகும். அத்தனை பெரிய விஷயம் அத்தனை சின்ன இடத்தில் இருந்தது.

அந்த வருஷம் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். மருத்துவர் இல்லை, புழுவைப் பற்றிப் படித்து வாங்கிய டாக்டர் பட்டம். முப்பது வயதுகூட இருக்காது. ஈஜோக் பக்கத்தில், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பட்டம் இருந்தாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். சேற்றில் முழங்கால் வரை இறங்கி, அவரே ஒருநாள் ஒரு புழுவைக் கொண்டுவந்தார். மண்புழு போன்ற உடம்பு, உணர்கொம்பு இல்லாத கூர்த்தலை, வெளிச்சத்தில் திருப்பினால் வானவில் மினுக்கு. தாடையை அவர் பார்த்தார். சுணையை நான் பார்த்தேன்.

"முக்காடு இருக்கா அண்ணே?"

"இல்ல."

"நல்லா பாருங்கண்ணே."

"பாத்துட்டேன் லா. பத்து வருஷமா இதத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவர்கள் இரண்டாம் முறை கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் வரும். பத்துக் கொக்கிகள் வரைந்து கொடுத்தேன். அழகான கோடுகள். டாக்டரும் என் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிச் சில்லைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். இப்படி ஒரு தாடையும் முக்காடு இல்லாத கொக்கியும் ஒரே உடம்பில் இருப்பதாக யாரும் எழுதியதில்லை. புது இனம். கண்டுபிடித்தவர் பெயர் வைக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாதாரணப் புழுவை வரையச் சொன்னார்கள். எங்கள் சேற்றில் வாரி எடுத்தால் வாளி கொள்ளாத அளவுக்குக் கிடைக்கும் புழு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைந்தது. அதற்கு முக்காடு உண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்குப் பார்க்கிறேன், முக்காட்டைக் காணோம். வேறு கால் அறுத்தேன். காணோம். விளக்கைக் கூட்டினேன், குறைத்தேன். காணோம். அலமாரியில் என் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். என் கைதான், அதில் முக்காடு இருந்தது.

அப்படியென்றால் என் கண்ணில்தான் கோளாறு, டாக்டரின் புழுவிலும் முக்காடு இருந்திருக்கலாம். எனக்கு இனிப்புநீர் வியாதி இருந்தது. கொஞ்ச நாளாகவே மோட்டார் சைக்கிள் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது. பகலில்கூட எல்லாம் லேசாகப் பால் கலந்த மாதிரி இருந்தது. வயசு என்று விட்டுவிட்டேன். நாற்பதுகூட ஆகவில்லை, என்ன வயசு? தெரிந்துதான் விட்டேன். படம் வரைகிறவனுக்குக் கண் போனால் சம்பளம் யார் கொடுப்பார்கள்? வீட்டில் மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் டாக்டர் தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்து, சிரித்த முகமாகச் சொன்னார்:

"அப்பாகிட்ட சொல்லிட்டேன் அண்ணே. அவரு பேரத்தான் வைக்கப்போறேன்."

டாக்டரின் அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். இனிமேல் ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷம் செம்பனைக் குலை அறுத்தவர். அவர் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கேயும் அச்சில் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

புதுப் புழுவைப் பற்றிய கட்டுரையை டாக்டர் தபாலில் போடப்போன அன்று காலையில்தான் என் வாய் திறந்தது. இரண்டு கண்ணாடிச் சில்லையும் மேசையில் வைத்து, பழைய படத்தையும் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.  டாக்டர் அந்தப் புதுப் புழுவில் இன்னொரு கால் அறுத்து, நுண்நோக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இருக்கு" என்றார்.

நான் அழுதுவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நானும்தான பாத்தேன்? உங்க படத்தப் பாத்துட்டு அப்புறமா பாத்தேன். இல்லாம இருக்கணும்னு நெனச்சுக்கிட்டே பாத்தேன். அதான் தெரியல." கட்டுரையை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். "முக்காடு இருந்தா இது பழைய புழுதான். ஏற்கெனவே பேரு இருக்கு."

"அப்பாகிட்ட என்னா சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது."

என் கண்ணைப் பற்றி மேலதிகாரியிடமும் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கித் தந்ததும் அவர்தான். கண்ணில் புரை. பிற்பாடு அறுவை செய்து கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சில்லை எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது முக்காடு. குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அறுவைக்கு முன்பே, டாக்டரின் அப்பாவான பெரியவர், படம் வரைந்தவனைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். போகாமல் இருக்க முடியவில்லை. லயத்து முன்னறையில், சன்னல் ஓரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஆனால் பேச்சு மட்டும் குறையவில்லை.

"வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா? ஒட்டுக்கடையில தேத்தண்ணி குடிக்கிறவனுங்க எல்லாம் என்னக் கிண்டல் பண்றானுங்க. ஏன், மீனு கெடைக்கலியா, புழுவுக்குப் போயி ஒம்பேரான்னு. பொறாம பிடிச்சவனுங்க." சிரித்ததில் இருமல் வந்து, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அது கடிக்குமா?"

"கடிக்கும்யா. கறுப்பா நாலு ஜோடி தாட."

"அப்ப சரி" என்றார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். "கடிக்கத் தெரியணும். எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

அவர் மகள் பக்கத்தில் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் தேத்தண்ணியைக் கீழே பார்த்தபடியே குடித்து முடித்தேன்.

அடுத்த மாதமே பெரியவர் போய்விட்டார். தோட்டத்து வேதக்கோயிலில் இடம் போதாமல் வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். வேலை வாங்கிய தண்டல், கணக்கு எழுதிய கிராணி, ஒட்டுக்கடையில் கிண்டல் பண்ணியவர்கள், எல்லாரும். ஜெபம் முடிந்ததும் உபதேசியார் பேசினார். இந்தத் தோட்டத்தில் எத்தனையோ பேர் வந்தோம், போனோம், நம் பெயரை யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டார். இவர் பெயரைக் கடவுள் கடலில் எழுதி வைத்துவிட்டார் என்றார். கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். டாக்டர் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் அழவில்லை. நான் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றேன். மூன்று வாரம். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த மகள் அப்பாவிடம் சொல்லியிருக்கவே மாட்டார். அப்பாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் முன்னால் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஆகியிருக்காது.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது பெரியவரின் மனைவி என்னைத் தேடி வந்தார். உறவுக்காரப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து நடத்தி வந்தாள்.

"நீங்கதானய்யா வரைஞ்சது?"

"ஆமாம்மா."

அந்த அம்மா என் வலது கையை எடுத்துத் தம் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கண்ணீர் சுட்டது. அவர் தலைக்கு மேலாக டாக்டர் என்னைப் பார்த்தார், சொல்லாதீர்கள் என்று. நான் சொல்லவில்லை. அம்மா விடும் வரைக்கும் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன்.